பழைய தழும்பு, புதிய கர்ப்பம்: ஸ்கேன் எவ்வளவு சொல்லும்?

முதல் பிரசவம் சிசேரியனாக முடிந்த பெண் மறுபடி கருவுற்றதும், அவரும் வீட்டாரும் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பழைய தையல் தாங்குமா? மருத்துவ உலகம் இதற்கு நூறாண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிவருகிறது. பதில்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன. சில சமயம் ஒரே பத்தாண்டுக்குள் தலைகீழாகியும் இருக்கின்றன.

1916-ல் நியூயார்க்கைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் எட்வின் கிரேகின், ஒருமுறை சிசேரியன் செய்துவிட்டால் அதற்குப் பிறகு எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் எழுதிய ஒரு வரி இன்றுவரை நிலைத்துவிட்டது. முதல் சிசேரியனுக்கே அவசரப்படாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிப்பதற்காக அவர் எழுதியது அது. சிசேரியனுக்குப் பிறகு மூன்று குழந்தைகளைச் சுகப்பிரசவத்தில் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றியும் அதே கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார். எச்சரிக்கை மறந்துபோய், வரி மட்டும் விதியாகிவிட்டது. அன்றைய அறுவை கர்ப்பப்பையின் மேற்பகுதியை நெட்டாகப் பிளப்பது. பிரசவ வலியில் பலமாகச் சுருங்கும் தசை அங்கேதான் இருக்கிறது. தழும்பு விட்டுப்போகும் ஆபத்தும் அதனால் அதிகம். 1920-களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர், கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். இன்று உலகெங்கும் பெரும்பாலும் நடப்பது அந்த முறைதான். தழும்பு இடம் மாறிய பிறகும் கிரேகினின் வரி அசையவில்லை.

அதே கிளாஸ்கோவில் 1958-ல் இயன் டொனால்டும் சகாக்களும் வயிற்றுக் கட்டிகளை மீயொலியால் படமெடுத்து ‘லேன்செட்’ இதழில் வெளியிட்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் ஸ்கேன் கருவி பிரசவ மருத்துவமனைகளின் அன்றாடப் பொருளானது. பழைய கேள்வியும் அதோடு புது வடிவம் எடுத்தது: தழும்பின் நிலையை, வயிற்றைத் திறக்காமலேயே பார்த்துச் சொல்ல முடியுமா?

இங்கே ஒரு சிக்கலை முதலிலேயே பிரித்துவைத்துக்கொள்வது நல்லது. தழும்புக் கோளாறு என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு மாதங்களில் நேரும் மூன்று நிகழ்வுகள் இருக்கின்றன. ஆரம்ப வாரங்களில் கருவே தழும்பில் பதிந்துவிடலாம். நடு மாதங்களில் நஞ்சுக்கொடி தழும்புக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளலாம். பிரசவத்தை ஒட்டித் தழும்பு கிழியலாம். மூன்றிலும் ஸ்கேனின் திறன் ஒரே அளவில் இல்லை. ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது, கேள்வி உரக்க எழும் ஒன்பதாம் மாதத்தில்தான் ஸ்கேன் மிகக் குறைவாகச் சொல்கிறது என்று படுகிறது. அது தெளிவாகச் சொல்லக்கூடிய ஆறாவது ஏழாவது வாரத்தில் கேட்பவர்கள் குறைவு. ஆகவே கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கிப் போகலாம்.

கடைசி மாதம்: எத்தனை மில்லிமீட்டர்?

ஆபத்து எவ்வளவு என்பதில் இப்போது பெரிய தகராறு இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிசேரியனுக்குப் பிறகு அடுத்த குழந்தையைப் பெற்ற 20,095 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2001-ல் வந்த கட்டுரை இப்படிக் கணக்குச் சொன்னது: வலி எடுக்காமலேயே மறு சிசேரியன் செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கு 1.6 பேருக்குக் கர்ப்பப்பை கிழிந்தது. வலி தானாக வந்தவர்களில் 5.2, புரோஸ்டகிளாண்டின் இல்லாமல் வேறு வழியில் வலி வரவழைக்கப்பட்டவர்களில் 7.7, புரோஸ்டகிளாண்டின் மருந்தால் வரவழைக்கப்பட்டவர்களில் 24.5. மூன்றாண்டு கழித்து வந்த இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு, சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களில் சுமார் 0.7 சதவீதம் என்றது. ஆயிரத்தில் ஐந்திலிருந்து ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைச் சிறிய எண் என்று எடுத்துக்கொள்வதா, பெரியது என்பதா என்பதில்தான் காலந்தோறும் ஊசலாட்டம். சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆகும் விகிதம் அமெரிக்காவில் 1996-ல் 28 சதவீதத்தைத் தொட்டது. பத்தாண்டு முடிவதற்குள் 10-க்கும் கீழே போய்விட்டது. தழும்புகள் அதே தழும்புகள்தான். மாறியது மருத்துவமனைகளின் துணிச்சலும் வழக்குகள் பற்றிய பயமும். ஒரு பெண்ணைப் பார்த்து, ஆயிரத்தில் அந்த ஏழு பேரில் நீங்கள் இல்லை என்று யாராவது உறுதியாகச் சொல்ல முடிந்தால் இந்த ஊசலாட்டமே தேவைப்படாது. ஸ்கேனிடம் எதிர்பார்க்கப்பட்டது அந்த உறுதி.

பிரான்ஸின் பாட்ரிக் ரோசன்பெர்க் குழு 1996-ல் ‘லேன்செட்’டில் வெளியிட்ட ஆய்வு இதில் மைல்கல். முன்பு சிசேரியன் ஆன 642 பெண்களுக்கு 36 முதல் 38 வாரத்துக்குள் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி எவ்வளவு தடிமன் என்று வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் அளந்தார்கள். அளவு பிரசவம் பார்க்கும் மருத்துவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆய்வின் பெரிய பலமே அதுதான். 25 பேருக்குத் தழும்பு கிழிந்திருந்தது அல்லது விட்டுப்போயிருந்தது. தடிமன் 3.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தவர்களில் 99 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் 3.5-க்குக் கீழ் என்று எச்சரிக்கப்பட வேண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குத்தான் உண்மையில் தழும்பு பழுதாகியிருந்தது. மிச்சமுள்ள 88 பேரும் காரணமில்லாமல் பயந்திருப்பார்கள். நடைமுறையில் பலர் அறுவைக்கும் போயிருப்பார்கள். தடித்திருந்தால் நிம்மதி என்று சொல்லும் கருவி, மெலிந்திருந்தால் என்ன என்பதைச் சொல்லத் தெரியாமல் நிற்கிறது.

அடுத்து வந்தவர்கள் எல்லைக்கோட்டை மாற்றிப் பார்த்தார்கள். கனடாவின் கியூபெக்கில் இம்மானுவேல் புஜோல் குழு 2009-ல் 2.3 மில்லிமீட்டர் என்றது. 2013-ல் 21 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை, முழுத் தடிமன் 3.1 முதல் 5.1 வரை இருந்தால் ஆபத்து குறைவு என்றும், தசை மட்டும் 0.6 முதல் 2.0 வரை மெலிந்திருந்தால் ஆபத்து அதிகம் என்றும் முடிவுக்கு வந்தது. இரண்டும் ஒற்றை எண் இல்லை, அகலமான பட்டைகள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எல்லைக்கோடு கிடைக்கவில்லை என்பதை அந்தத் தொகுப்பாசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள்.

திரையில் என்ன அளக்கப்படுகிறது

ஏன் கிடைக்கவில்லை என்பது திரையை அருகில் பார்த்தால் விளங்கும். சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும். திரையில் அது கறுப்பாகத் தெரியும். அதன் பின்சுவர் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பட்டை. கர்ப்பப்பையின் தசை அதுதான். அதற்கும் கீழே பனிநீரின் கறுப்பு, அல்லது குழந்தையின் தலை. பரிசோதிப்பவர் இரண்டு சிறு கூட்டல் குறிகளை நகர்த்திக் கோட்டில் வைக்கிறார். மேற்குறியைச் சிறுநீர்ப்பைச் சுவரின் வெளிவிளிம்பில் வைத்தால் முழுத் தடிமன்; சுவரை விட்டுவிட்டுச் சாம்பல் பட்டையின் விளிம்பில் வைத்தால் தசையின் தடிமன் மட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் எல்லைக்கோடுகளின் வேறுபாட்டுக்குச் சமமாகிவிடுகிறது.

சிறுநீர்ப்பை அதிகம் நிறைந்தால் பட்டை இழுபட்டு மெலியும். கர்ப்பப்பை லேசாகச் சுருங்கினால் தடிக்கும். குழந்தையின் தலை இறங்கினால் மறுபடி மெலியும். கருவியை அழுத்திப் பிடித்தாலும் எண் மாறும். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் படம் தெளிவு. ஆனால் அந்த முறையில் கிடைத்த எண்ணை வயிற்றின் மேலிருந்து கிடைத்த எல்லைக்கோட்டோடு ஒப்பிடக் கூடாது. மூன்று முறை அளந்து ஆகக் குறைந்ததை எடுப்பது வழக்கம். இப்படிக் கிடைத்த 2.4-க்கும் 2.2-க்கும் நடுவில் ஒரு பெண்ணின் பிரசவ முறையைத் தீர்மானிப்பது, கருவியின் துல்லியத்துக்கு மீறிய நம்பிக்கை.

இன்னொரு பலவீனம் ஆய்வுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. தழும்பு முழுதாகக் கிழிந்து குழந்தைக்கோ தாய்க்கோ உயிராபத்து வருவது அரிது. அரிதானதை எண்ண ஆயிரக்கணக்கானோர் வேண்டும். அதனால் பல ஆய்வுகள், மறு அறுவையில் வயிற்றைத் திறக்கும்போது தழும்பு காகிதம்போல் மெலிந்தோ பிரிந்தோ இருப்பதையும் சேர்த்து எண்ணின. சத்தமில்லாமல் பிரிந்திருக்கும் தழும்பில் எத்தனை உண்மையில் வலியின்போது வெடித்திருக்கும் என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. போதாததற்கு, மெலிந்த அளவு தெரிந்ததும் மருத்துவர் அந்தப் பெண்ணை வலிக்கு விடுவதில்லை. கணிப்பு சரியா என்று சோதிக்கும் வாய்ப்பை அந்தக் கணிப்பே பறித்துவிடுகிறது.

சோதனைக்கு விட்டபோது

அளந்து பார்ப்பதால் தாய்க்கும் சேய்க்கும் நன்மை உண்டா என்பதற்குச் சரியான பரீட்சை, குலுக்கலில் இரு அணியாகப் பிரித்து ஓரணிக்கு மட்டும் அளப்பதுதான். ரோசன்பெர்க் குழுவே அதைச் செய்தது. பிரெஞ்சு மருத்துவமனைகளில் 2,948 பெண்கள்; ஓரணியில் 3.5 மில்லிமீட்டரை எல்லையாகக் கொண்டு ஆலோசனை. 2022-ல் முடிவு அச்சேறியது. கிழிதல், பிரிதல், குழந்தை பாதிப்பு உள்ளிட்ட மோசமான விளைவுகள் அளந்த அணியில் 3.4 சதவீதம், அளக்காத அணியில் 4.3. வேறுபாடு புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. பலனே இல்லை என்று இதைப் படிப்பது அவசரம். சிறு பலன் இருந்தாலும் காட்ட முடியாத அளவுக்குத்தான் ஆய்வின் ஆள்பலம் இருந்தது. ஆனாலும் கால் நூற்றாண்டு நம்பிக்கையைத் தொடங்கிவைத்தவரே நேர்மையாகச் சோதித்து, அந்த நம்பிக்கையை நிலைநாட்ட முடியவில்லை என்று எழுதியிருப்பதற்கு எடை உண்டு.

கியூபெக்கில் 40 மருத்துவமனைகளில் நடந்து 2024-ல் ‘லேன்செட்’டில் வந்த பிரிஸ்மா ஆய்வு வேறு மாதிரி. மருத்துவர்களுக்குப் பயிற்சி, பெண்கள் முடிவெடுக்க உதவும் கருவிகள், தணிக்கை, அவற்றோடு கீழ்ப்பகுதித் தடிமன் அளவீடு என எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுத்தார்கள். சிசேரியன் விகிதம் மாறவில்லை. பிறந்த குழந்தைகளின் கடுமையான பாதிப்புகள் குறைந்தன. அளவீட்டை ஆதரிப்போர் இதைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கட்டில் எந்தக் கழி தாங்கியது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வால் முடியாது. என் சாய்வைக் கேட்டால், கூட இருந்து பேசி முடிவெடுக்க வைத்ததற்கே பெரும்பங்கு இருக்கும் என்று நினைப்பேன், நிரூபணம் இல்லை.

நடு மாதங்கள்: நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும்போது

கிழிவதைவிட இன்று நிபுணர்களை அதிகம் கவலைப்பட வைப்பது அக்ரீட்டா. குழந்தை பிறந்த பிறகு தானாகக் கழன்று வர வேண்டிய நஞ்சுக்கொடி, கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வராமல் நிற்பது. இழுத்தால் வெள்ளமாக ரத்தம் போகும். பல நேரங்களில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். நஞ்சு கீழே இறங்கி வாயை மறைத்திருந்தால், அதாவது பிரீவியா இருந்தால், சிசேரியன் எண்ணிக்கையோடு ஆபத்து எப்படி ஏறுகிறது என்று ராபர்ட் சில்வர் குழு 2006-ல் 30,132 சிசேரியன்களை வைத்துக் காட்டியது: முதல் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61, அதற்குமேல் 67.

ஸ்கேனில் இதற்கு அடையாளங்கள் உண்டு. நஞ்சுக்கொடிக்குள் ஒழுங்கற்ற கறுப்புக் குழிகள் தெரியும். செல்லரித்த ஓலையைப்போல் இருக்கும். நஞ்சுக்கும் தசைக்கும் இடையே இருக்க வேண்டிய கறுப்புக் கோடு மறைந்திருக்கும். சிறுநீர்ப்பையின் வெள்ளைச் சுவர் இடையிடையே அறுந்திருக்கும். கலர் டாப்ளர் போட்டால் தசையிலிருந்து குறுக்கே ரத்தக் குழாய்கள் ஓடும். இவை எவ்வளவு நம்பகமானவை என்பதில் இரண்டு கட்சி. 3,707 கர்ப்பங்களை உள்ளடக்கிய 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அக்ரீட்டா உள்ளவர்களில் சுமார் 91 சதவீதத்தை ஸ்கேன் பிடித்துவிடுகிறது என்றது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஆறு நிபுணர்களிடம், நோயாளியின் பின்னணி எதுவும் சொல்லாமல் படங்களை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பிடிபட்டது 53.5 சதவீதம்.

முரண்பாடுபோல் தெரியும் இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டு சிசேரியன் ஆகியிருக்கிறது, நஞ்சும் கீழே இருக்கிறது என்று தெரிந்து தேடுபவரின் கண் வேறு. ஒன்றும் தெரியாமல் படத்தை மட்டும் பார்ப்பவரின் கண் வேறு. ஸ்கேன் அறைக்குள் நுழையும்போது கையிலுள்ள பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, திரைக்குச் சமமான சாட்சி. பிரிட்டன் முழுவதும் திரட்டிய தரவில் அக்ரீட்டா நோயாளிகளில் பாதிப்பேருக்குத்தான் பிரசவத்துக்கு முன்பே சந்தேகம் எழுந்திருந்தது. நஞ்சு ஆழமாக இறங்கியிருந்தவர்களில், முன்கூட்டித் தெரிந்திருந்தால் நடுத்தர ரத்த இழப்பு 2,750 மில்லிலிட்டர். தெரியாமல் திறந்தால் 6,100. கண்டுபிடிப்பதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு இந்தத் துறையில் கிடைக்கும் மிகத் தெளிவான பதில்களில் இது ஒன்று.

அடிப்படைக் கருத்தே இப்போது விவாதத்தில் இருக்கிறது. 1937-ல் இர்விங்கும் ஹெர்டிக்கும் அக்ரீட்டாவை வரையறுத்த காலம் தொட்டு, பின்னர் வந்த வகைப்பாடுகளில், நஞ்சு புற்றைப்போல் தசையைத் துளைத்துக்கொண்டு போகிறது என்ற எண்ணம் வலுத்தது. எரிக் ஜோனியோ உள்ளிட்டோர் அண்மை ஆண்டுகளில் இதை மறுக்கிறார்கள்: நஞ்சு எதையும் துளைக்கவில்லை, தழும்பில் தசையே இல்லாத இடைவெளிக்குள் அது வளர்ந்திருக்கிறது, குற்றம் சுவரின்மேல். இது ஏற்கப்பட்டால், எவ்வளவு ஆழம் துளைத்திருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதும் பழக்கத்துக்கு அர்த்தம் குறையும்; தழும்பு எவ்வளவு அகலத்துக்குத் திறந்திருக்கிறது என்பது முக்கியமாகும். அறுவை மருத்துவருக்கு வேண்டியதும் அதுதான்.

ஆரம்ப வாரங்கள்: தழும்பிலேயே கரு

அந்த இடைவெளி ஒன்பதாம் மாதத்தில் உருவாவதில்லை. கரு பதியும்போதே அது அங்கே இருக்கிறது. தழும்பில் கரு பதிந்த நிகழ்வு 1978-ல் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவானது. அப்போது அது விநோதம். இப்போது சுமார் 2,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது பலரும் சொல்லும் கணக்கு; சிசேரியன் பெருகிய இடங்களில் பார்க்கும் வாய்ப்பும் பெருகியிருக்கிறது.

நியூயார்க்கின் இலான் டிமோர்-டிரிட்ச், அனா மான்டியகுடோ இருவரும் 2012-ல் 751 நிகழ்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 13.6 சதவீதம் முதலில் வேறொன்றாகத் தவறாகப் படிக்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் இரண்டு தவறுகள்: கர்ப்பப்பை வாயில் தங்கிய கரு என்று நினைப்பது, அல்லது கலைந்து வெளியேறிக்கொண்டிருக்கும் கரு என்று நினைப்பது. இரண்டாவது ஆபத்தானது. கலைந்துவிட்டது என்று டி அண்ட் சி செய்தால், மெல்லிய தழும்பில் ஊன்றிய ரத்தக் குழாய்களைச் சுரண்டுவதாகிவிடும், நிற்காத ரத்தப்போக்கு.

வேறுபடுத்துவது கடினமில்லை, பார்க்கத் தெரிந்தால். கர்ப்பப்பையை நெடுவாக்கில் முழுதாகத் திரைக்குக் கொண்டுவந்து, உச்சியிலிருந்து வாய் வரையிலான நீளத்தின் நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். கரு தங்கியிருக்கும் சாக்கின் மையம் அதற்கு மேலே இருந்தால் இயல்பான கர்ப்பம். கீழே, முன்சுவரை ஒட்டி இருந்தால் தழும்பில் இருக்கலாம். டிமோர்-டிரிட்ச் குழு 2016-ல் முன்வைத்த இந்த எளிய முறை ஐந்து முதல் பத்து வாரம் வரைக்கானது. கருவியால் மெதுவாக அழுத்தும்போது சாக் நழுவினால் கலையும் கரு. நகராமல் நின்றால் ஊன்றிய கரு. டாப்ளரில் சுற்றிலும் ரத்த ஓட்டம் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். சாக்குக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் தசை மிச்சம் என்பதும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

காலம் முக்கியம். ஒன்பது வாரம் தாண்டியதும் வளரும் சாக் மேல்நோக்கிக் கர்ப்பப்பைக்குள் நிறைகிறது. பன்னிரண்டாவது வாரத்தில் பார்ப்பவருக்குக் குழந்தை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். நஞ்சு மட்டும் கீழே தழும்பில் தங்கிவிட்டிருக்கும். நாற்பதாண்டு வித்தியாசத்தில் பெயரிடப்பட்ட இந்த இரண்டும், தழும்பில் பதிந்த கருவும் பின்னாளைய அக்ரீட்டாவும், ஒரே நோயின் இரு கட்டங்கள் என்ற வாதத்தை 2014-ல் அதே குழு திசு ஆய்வோடு முன்வைத்தது. இன்று அது பரவலாக ஏற்கப்படுகிறது. 2022-ல் பன்னாட்டு நிபுணர் குழுவொன்று ஒருமித்துச் சொன்ன பரிந்துரையும், இடத்தைப் பார்க்க உகந்த காலம் ஆறு முதல் ஏழு வாரம் என்பதுதான்.

கர்ப்பத்துக்கும் முன்பு

சிசேரியன் ஆன சில மாதங்களில் கர்ப்பமில்லாத கர்ப்பப்பையிலேயே தழும்புக் குழியை ஸ்கேனில் காணலாம். உள்ளே உப்புநீர் செலுத்திப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டோரிடம் தெரியும். அத்தனை பேரிடம் இருக்கும் ஒன்றை நோய் என்பதா என்ற தயக்கம் நியாயமானது. தையலை இரண்டு அடுக்காகப் போட்டால் குழி வராது என்ற வாதமும் நெடுங்காலமாக ஓடுகிறது. நெதர்லாந்தில் நடந்த ‘2குளோஸ்’ சோதனை ஒன்பது மாதம் கழித்துப் பார்த்ததில், மாதவிலக்குக்குப் பிந்தைய ரத்தக் கசிவில் இரண்டடுக்குக்கு மேன்மை தெரியவில்லை. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 15,935 பெண்களைச் சேர்த்த கோரோனிஸ் சோதனையிலும் அடுக்குகளுக்கிடையே பெரிய வேறுபாடு கிட்டவில்லை. அடுத்த கர்ப்பத்தைப் பற்றி இந்தக் குழி என்ன சொல்லும் என்பதற்குத் தரவு மெலிவு. இதில் அதிகம் நிற்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டின் கணக்கு

இந்த விவாதத்தின் பெரும்பகுதி பாரிஸிலும் கியூபெக்கிலும் நியூயார்க்கிலும் நடந்தது. தழும்புகள் குவிந்திருப்பதோ வேறு இடங்களிலும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்திய சராசரி 21.5. தெலங்கானாவில் 60.7. இரண்டாவது கர்ப்பத்தோடு வரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தழும்போடு வருவார்கள் என்பது இதன் பொருள்.

பன்னிரண்டு வாரத்துக்குள் பெயர் பதிந்து பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண் வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஸ்கேன் என்றால் மக்கள் மனதில் நிற்பது கழுத்துத் திரவம் பார்க்கும் பதினொன்று முதல் பதின்மூன்றாவது வார ஸ்கேனும், உறுப்புகளைப் பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேனும். தழும்பைப் பற்றிய தெளிவான படம் கிடைக்கும் வாரங்கள் இரண்டுக்கும் முன்பே முடிந்துபோகின்றன. ஆரம்பத்தில் ஸ்கேன் எடுத்தாலும், இதயத் துடிப்பு இருக்கிறதா, எத்தனை வாரம் என்பதோடு அறிக்கை முடிகிறது. சாக் எந்த இடத்தில் என்ற வரி எல்லா அறிக்கையிலும் இருப்பதில்லை. 1994-ஆம் ஆண்டுப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்கீழ் கருவிக்குப் பதிவு வேண்டும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் ‘எஃப்’ நிரப்ப வேண்டும், ஸ்கேன் செய்பவர் தகுதிபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். பெண் சிசுக்கொலை வரலாறு உள்ள நாட்டில் இந்தக் கட்டுப்பாடு அவசியம்தான். சில நாடுகளில்போல் செவிலியரைப் பயிற்றுவித்து ஆரம்ப ஸ்கேனைக் கிராமம்வரை கொண்டுபோகும் வழி அதனால் இங்கே எளிதில் திறக்காது. சந்தேகம் எழுந்தபின் அனுப்ப இடம் இருக்கிறது: மாவட்டங்களில் சீமாங் எனப்படும் அவசரப் பிரசவ சிகிச்சை மையங்கள், அதற்குமேல் ரத்த வங்கியோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். கேள்வியெல்லாம் சந்தேகம் எந்த வாரத்தில் எழுகிறது என்பதில்தான்.

இன்னும் திறந்திருப்பவை

கடைசி மாதத் தடிமன் அளவீட்டை வழக்கமான பரிசோதனையாக்கும் அளவுக்கு ஆதாரம் இதுவரை சேரவில்லை. பல பத்தாயிரம் பெண்களோடு ஒரு சோதனை நடந்தால் படம் மாறலாம். அதுவரை, நன்றாகத் தடித்திருக்கிறது என்ற அறிக்கையை ஆறுதலாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. மெலிந்திருக்கிறது என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்து அறுவைக்குத் தேதி குறிப்பதற்கு நியாயம் குறைவு. முந்தைய வெட்டு எந்த வகை, இடையில் எத்தனை மாதம், முன்பு சுகப்பிரசவம் ஆனதுண்டா என்ற பழைய கேள்விகள் அந்த எண்ணைவிடக் குறைவாகச் சொல்வதில்லை. பிரீவியாவோடு வரும் தழும்புக்காரரிடம் அக்ரீட்டாவைத் தேட வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு அநேகமாக இல்லை.

சிக்கலான முடிச்சு ஆரம்ப வாரங்களில் இருக்கிறது. தழும்பு உள்ள எல்லாரையும் ஆறாவது வாரத்தில் பார்க்கத் தொடங்கினால், தழும்பில் பதிந்த கருக்கள் அதிகம் தெரியவரும். அமெரிக்கத் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2020-ல் தந்த வழிகாட்டுதல், காத்திருந்து பார்ப்பதை ஆதரிக்கவில்லை; கர்ப்பத்தை முடிக்கவே சொல்கிறது. அதற்கு அடிப்படை உண்டு. காத்திருந்தவர்களைப் பற்றி 2018-ல் வந்த தொகுப்பில் மொத்தம் 69 பேர். இதயத் துடிப்போடு தொடர்ந்து கடைசி மூன்று மாதங்களை எட்டியவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு அக்ரீட்டா. ஆனால் அவர்களில் பலர் உயிரோடு குழந்தையையும் பெற்றார்கள். 17 பெண்களைப் பின்தொடர்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வொன்று, குழிக்குள் புதைந்த கருவையும் தழும்பின் மேல் உட்கார்ந்த கருவையும் பிரித்துப் பார்த்தது. மேலே உட்கார்ந்தவற்றின் கதி கணிசமாக நன்றாக இருந்தது. மேல்மூடிய தசை 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தவர்களில் அக்ரீட்டா சேர்ந்து வந்தது.

17 பேர், 69 பேர். விரும்பிச் சுமக்கும் ஒரு கர்ப்பத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்குக் கையில் உள்ள எண்கள் இவ்வளவுதான். வழிகாட்டுதல் முடிக்கச் சொல்வதால் பெரும்பாலோர் முடித்துக்கொள்கிறார்கள். முடித்துக்கொள்வதால் தொடர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற தரவு சேர்வதில்லை. தொடர்பவர்களும் எல்லாரையும்போன்றவர்கள் அல்ல, லேசான நிலை உள்ளவர்களாகவோ சிகிச்சை எட்டாதவர்களாகவோ இருக்கக்கூடும். பன்னாட்டுப் பதிவேடு ஒன்று இப்போது நிகழ்வுகளைத் திரட்டிவருகிறது. எந்தக் கருவைத் தொடரவிடலாம் என்று ஏழாவது வாரத்தில் பிரித்துச் சொல்லும் அளவுகோல் அதிலிருந்து வருமா என்பதற்கு, இந்தியா போன்ற இடங்களிலிருந்து அந்தப் பதிவேட்டுக்கு எத்தனை பேரின் விவரம் போய்ச்சேர்கிறது என்பதும் ஒரு பகுதிப் பதிலாக இருக்கும்.